இரண்டரை நூலா, எட்டு எம்.எம்.மா? பழைய இழைப்பு மெஷினுக்கு எந்த போல்ட்?

சேலம் சூரமங்கலத்தில் என் மரப் பட்டறையில் ஓடும் பன்னிரண்டு அங்குல இழைப்பு மெஷின் என்னைவிட வயதில் மூத்தது. மூடிவிட்ட ஒரு பட்டறையிலிருந்து எடைக்கு வாங்கியது. கொண்டுவந்த வாரமே, பலகையை அணைத்து ஓட்டும் கைடைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று வழியில் நின்றுகொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. எண்ணெய் விட்டு, தட்டிப் பார்த்து, கடைசியில் தலையை அறுத்து எடுத்தேன். இரண்டரை நூல் துளையில் எட்டு எம்.எம். போல்ட்டை யாரோ பலங்கொண்ட மட்டும் முறுக்கி ஏற்றியிருந்தார்கள்.

நம் ஊர்க் கடைக்கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். இரண்டு நூல் கால் அங்குலம், மூன்று நூல் 3/8 அங்குலம், நடுவில் இருக்கும் இரண்டரை நூல் 5/16 அங்குலம். இந்த இரண்டரைதான் ஆளை ஏமாற்றுவது. அதன் விட்டம் 7.94 எம்.எம்.; எட்டு எம்.எம். போல்ட்டோடு சேர்த்துப் பிடித்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டரை நூலில் அங்குலத்துக்கு 18 மரை. எட்டு எம்.எம்.மில் மரைக்கு மரை 1.25 எம்.எம்., அதாவது அங்குலத்துக்கு இருபதுக்குச் சற்று மேல். மூன்று நான்கு சுற்று சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போகும்; பிறகு பிடிக்கும். அந்த இடத்தில் நிறுத்தாமல் நீளப் பிடியுள்ள ஸ்பேனரைத் தேடுகிறவர்கள்தான் துளையைக் கெடுக்கிறார்கள். மற்ற அளவுகளில் இந்த ஆபத்து குறைவு. ஆறு எம்.எம். போல்ட் கால் அங்குலத் துளையில் லொடலொடவென்று ஆடும், பத்து எம்.எம். மூன்று நூல் துளைக்குள் நுழையவே நுழையாது.

அதனால் கடைக்குப் போகுமுன் மரையின் இடைவெளியை அளக்கும் பல் தகடான பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால், அளவு தெரிந்த ஒரு போல்ட்டை எடுத்து மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; இடையில் ஒளி கசிந்தால் அது வேறு மரை. ஸ்பேனரும் துப்புக் கொடுக்கும். இரண்டரை நூல் போல்ட்டின் பழைய முழு அளவுத் தலைக்குப் பதினைந்து ஸ்பேனர் ஏறாது, பதினாறு வழுக்கும். எட்டு எம்.எம்.முக்குப் பதின்மூன்று கச்சிதமாக உட்காரும்.

இனி எங்கே வாங்குவது என்ற கேள்வி. தெருமுனை ஹார்டுவேர் கடையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அங்கே இருப்பது எம்.எம். போல்ட், அதுவும் பெரும்பாலும் சாதாரண எம்.எஸ்., அதாவது மைல்ட் ஸ்டீல் என்னும் மென் எஃகு. தூசிப்பெட்டி மூடிக்கும் மோட்டார் அடிப்பலகைக்கும் போதும்.

உண்மையான போட்டி போல்ட் நட்டு மட்டுமே விற்கும் கடைக்கும், பழைய இரும்புக் கடைக்கும், லேத் பட்டறைக்கும் இடையில்தான். போல்ட் கடையில் ‘இரண்டரை நூல்’ என்றதும் “எந்த மெஷினுக்கு அண்ணா?” என்று திருப்பிக் கேட்கிற ஆள் இருந்தால் அந்தக் கடையை விடாதீர்கள். அங்குல மரையிலும் ஹை டென்சைல், அதாவது அதிக இழுவலிமையுள்ள, ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டும், சில சமயம் வரவழைக்கக் காத்திருக்க வேண்டும். எம்.எம். போல்ட் என்றால் தலையில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 8.8 என்றால் இழுவலிமை சதுர எம்.எம்.முக்கு 800 நியூட்டன், 12.9 என்றால் 1,200. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண், அதில் எத்தனை பங்கு வரை இழுத்தாலும் போல்ட் நீண்டுபோகாமல் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதைச் சொல்வது. எண்ணே இல்லாத எம்.எம். போல்ட்டைச் சுழலும் பாகத்தில் போடாதீர்கள்.

பழைய இரும்புக் கடை எனக்குப் பிடித்த இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓய்ந்துபோன பழைய இயந்திரங்களைப் பிரித்துக் கொட்டியிருக்கும் குவியலில், வேறெங்கும் பார்க்க முடியாத சதுரத் தலை போல்ட்டுகள் கிடைக்கும். ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த, பல்லின் கோணம் 55 பாகையாக உள்ள மரை அது. இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறியது. அந்தக் குவியலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை. ஆனால் அங்கே எடுக்கும் போல்ட்டுக்கு ஜாதகம் கிடையாது. எத்தனை முறை இறுக்கியது, எங்கே நீண்டது, யாருக்கும் தெரியாது. கைடு, மேசை பூட்டு, கைப்பிடி ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமும் இல்லை, மலிவும் இல்லை. மரத்தைச் சீவும் கத்திகளைத் தாங்கிச் சுழலும் கத்தி உருளைக்கு மட்டும் கூடவே கூடாது.

ஏன் உருளையை இப்படித் தனியாக வைக்கிறேன்? 90 எம்.எம். விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றினால், அதன் விளிம்பில் இருக்கும் பொருள் தன் எடையைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விசையோடு வெளியே பாயப் பார்க்கும். இருநூறு கிராம் கத்தி இருநூறு கிலோ மூட்டையாகிவிடுகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது இந்தச் சின்ன போல்ட்டுகள். எதிரே நிற்பது நம் வயிறு.

லேத் பட்டறையின் பலம், கேட்ட வடிவம் கிடைப்பது. பழையதை மாதிரிக்குக் கொடுத்தால் தலை, நீளம், மரை எல்லாம் அச்சு அசலாக வரும். குறையும் உண்டு. லேத்தில் மரையை வெட்டி எடுக்கிறார்கள். ஆலையில் பெரும்பாலும் உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள். ஒரே இரும்பாக இருந்தாலும் உருட்டிய மரை தாங்கும் அளவுக்கு வெட்டிய மரை தாங்காது. என்ன ராடு என்று சொல்லாமல் கொடுத்தால் மூலையில் கிடக்கும் எம்.எஸ். துண்டில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அவர்கள் மீது குற்றமில்லை, நாம்தான் சொல்லவில்லை. இ.என்.8 என்னும் எஃகு வகையைக் கேளுங்கள், முக்கிய இடமானால் அதைவிட வலுவான இ.என்.24. கூலியோ, ஒரு போல்ட்டுக்குக் கொடுப்பதில் கடையில் ஒரு பாக்கெட் வாங்கலாம். ஆகவே உருளைக்கு என் ஓட்டு போல்ட் கடையின் அங்குல ஹை டென்சைலுக்கு. தலை வடிவம் பொருந்தாவிட்டால்தான் லேத். எதுவானாலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். என் உருளையில் உள்ள பன்னிரண்டு போல்ட்டையும் ஒரே வகையில், ஒரே எடையில் மாற்றினேன்; இல்லாவிட்டால் உருளை அதிரும்.

இணையத்தில் வாங்குவதில் ஒரு நுட்பமான சிக்கல். 5/16 என்று போட்டு வரும் பாக்கெட் அமெரிக்க மரையாக இருக்கலாம். அங்குலத்துக்கு 18 என்ற கணக்கு ஒன்றுதான்; பல்லின் கோணம் மட்டும் 55க்குப் பதில் 60. போட்டால் போகும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பல்லோடு பல் முழுதாகப் படியாது. கைடுக்குப் பரவாயில்லை. அரை அங்குலத்தில் கதை வேறு: விட்வொர்த் 12, அமெரிக்க மரை 13. பொருந்தவே பொருந்தாது, பணம் போச்சு.

என் கைடுத் துளைக்கு வருகிறேன். மரை தின்றுபோன துளைக்கு எந்தக் கடை போல்ட்டும் உதவாது. ஹெலிகாயில் என்னும் சுருள்கம்பி போடலாம். பழைய அளவு அப்படியே நிற்கும், ஆனால் அதற்கென்று மரை வெட்டும் தனி டேப் வேண்டும். நான் 8.5 எம்.எம். டிரில்லால் துளைத்துப் பத்து எம்.எம். மரை போட்டுவிட்டேன். 8.5 என்பதால் பழைய மரை மிச்சமின்றி ஒழிந்துவிடுகிறது, இனி எந்தக் கடையிலும் போல்ட் கிடைக்கும். பழமையைக் காப்பாற்றவில்லை என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். மெஷின் அருங்காட்சியகத்தில் நிற்கவில்லை, சோறு போடுகிறது.

அதே நண்பர் ஏற்காட்டில் சில்வர் ஓக் அறுக்கிறவர். மலை ஈரத்தில் துருவேறுகிறது என்று எல்லாவற்றுக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டிருக்கிறார். இரும்பாலை இருக்கும் ஊர்க்காரனாகச் சொல்கிறேன்: மூடிகளுக்கு அது சரி. ஆனால் கடையில் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் வலிமையில் 8.8ஐ எட்டாது, நட்டும் ஸ்டெயின்லெஸ் என்றால், எண்ணெய் விடாமல் இறுக்கும்போது இரண்டும் ஒட்டிப்பிடித்து, அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. வட்ட ரம்பத்தின் நட்டு இடது மரை. சுற்றும்போது தானாகக் கழலாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் கழற்றுவதாக நினைத்து இறுக்கி இறுக்கி மரையைத் தின்றுவிட்டான். போல்ட் கடையில் கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினார்கள். பழைய இரும்புக் குவியலில் இரண்டு ஞாயிறு தேடினேன், இல்லை. நாளை காலை அச்சுத்தண்டையும் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போகிறேன்.