35 எச்.பி போதவில்லை என்றால்: ஃபோர்டு 3600, எச்எம்டி 5911, சுவராஜ் 855

மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் இடம்தான் இது. ஒன்பது கொத்து கலப்பையை இழுத்துவிடும், டிரெய்லரும் போகும், ஆனால் ஆறடி ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) மாட்டி, வெட்டு முடிந்த கரும்புக் காட்டில் கட்டையோடு இறக்கினால் இன்ஜின் சத்தம் அப்படியே அமுங்கி, கரும்புகை கக்கி, கிளட்சை மிதித்தால்தான் தப்பும். மூன்று சிலிண்டர், 1.7 டன் எடை, சுமார் 35 எச்.பி (குதிரைத்திறன்). அந்த வேலையை அதனிடம் கேட்பதே நியாயமில்லை. புது 50 எச்.பி வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. அதனால்தான் பழையதில் பெரிய வண்டி தேடுகிறோம்.

தேடும்போது மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

ஃபோர்டு 3600, எஸ்கார்ட்ஸ் செய்தது. 46, 47 எச்.பி என்பார்கள். காகிதத்தில் பார்த்தால் பெரிய தாவல் இல்லை, ஆனால் ஓட்டிப் பார்த்தால் தெரியும், லோடு ஏற ஏற வண்டி நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். மாஸியின் ஆறு கியருக்கு இதில் எட்டு முன் கியர், அதனால் மண்ணுக்குத் தகுந்த வேகம் பிடிப்பது சுலபம். கரும்பு டிரெய்லருக்கு இந்த மூன்றில் எனக்கு இதுதான் பிடிக்கும். பின்னாளில் எஸ்கார்ட்ஸ் இதே அடிப்படையில் ஃபார்ம்டிராக் 60 கொண்டுவந்ததால் பழகிய மெக்கானிக் எளிதாகக் கிடைப்பார். ஆனால் ஆறடி ரோட்டவேட்டர்தான் உங்கள் தேவை என்றால் 3600 எல்லையில்தான் நிற்கும், ஐந்தடிக்கு மேல் போகாதீர்கள்.

எச்எம்டி 5911 வேறு ஜாதி. செக் நாட்டு ஜெட்டர் வழியில் வந்த நான்கு சிலிண்டர், 59 எச்.பி. இரும்பை அள்ளிக் கொட்டிச் செய்த வண்டி. சட்டிக் கலப்பையைக் கெட்டிப்பட்ட செம்மண்ணில் போட்டால் இந்த மூன்றில் முதலிடம் இதற்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலையும் குறைவாகச் சொல்வார்கள். அந்தக் குறைந்த விலைக்குக் காரணம் இருக்கிறது: டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது, பாகங்களுக்கு அலைய வேண்டும். உழவு நடக்கும் வாரத்தில் ஒரு பம்ப் பாகத்துக்காக வண்டி ஷெட்டில் நிற்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து ஊரிலேயே எச்எம்டி தெரிந்த மெக்கானிக் இருந்தால் தாராளமாக எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

என் ஓட்டு சுவராஜ் 855-க்கு. 1983-ல் வந்த மாடல், இன்றும் அதே பெயரில் வண்டி வருகிறது, ஆகவே பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இதுவும் மூன்று சிலிண்டர்தான், ஆனால் 3300 சிசிக்கு மேல், சுமார் 2000 ஆர்பிஎம்மிலேயே முழு பவரும் கிடைக்கும். அதனால் விரட்டாமலேயே வேலை நடக்கும். எச்.பி எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான், மெதுவாகச் சுற்றும் பெரிய இன்ஜின் கட்டையில் மாட்டும்போது சட்டென்று சாகாது. ஸ்டியரிங் கனம், பழைய மாடல்களில் நாள் முழுக்க ஓட்டினால் தோள்பட்டை சொல்லும். பவர் ஸ்டியரிங் இருப்பது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒரு விஷயம், எந்த மாடலாக இருந்தாலும் தேய்ந்த 55 எச்.பியைவிட நல்ல நிலையில் இருக்கும் 45 எச்.பி அதிகம் இழுக்கும். பார்க்கப் போகும்போது இன்ஜின் சூடாவதற்கு முன்னால் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வையுங்கள்: லேசான காற்று என்றால் சரி, குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங், லைனர் செலவு காத்திருக்கிறது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள், கண்ணெதிரே மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. பிரேக்கை அழுத்திப் பிடித்து மேல் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் அணைய வேண்டும், சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. சிலர் பம்பில் டீசலைக் கூட்டி வைத்து பவர் காட்டுவார்கள். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் வரும் கறுப்புப் புகை அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆர்.சி.யில் பழைய வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

ஆழச் சேற்றில் நெல் மட்டும் செய்பவர்களுக்கு: கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்ட 1035 மிதந்து போகும் வயலில் இரண்டு டன் 855 புதைந்து நிற்கும். அவர்கள் கையில் இருப்பதை விற்க வேண்டாம், இன்ஜின் வேலை பார்த்து வைத்துக்கொண்டு, ரோட்டவேட்டருக்கு மட்டும் வாடகை வண்டி கூப்பிடுவதே லாபம்.