150 ரூபாய்க்கு மாடியில் இரண்டு கொலைப் படம்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஒரு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி படம் போடுகிறார்கள். நடத்துகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அதனால் பெயர் வேண்டாம். டிக்கெட் 150 ரூபாய், சுக்குக் காபி அதிலேயே சேர்த்தி. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓட்டல் மாஸ்டர். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் கிளம்பிப் போனேன்.

இந்தத் தடவை ஸ்லாஷர். கத்தியோடு ஒருத்தன், மாட்டிக்கொண்ட ஏழெட்டு இளவட்டம், அந்த ரகம். திரை வேட்டித் துணிதான், ஆனாலும் படம் பளிச். சத்தம்தான் கோளாறு. அலறல் வரப்போகிறது என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் பயந்து ஒரு பையன் ஓடிப்போய்க் குறைக்கிறான். பாதி பயம் அங்கேயே போச்சு. காபியில் வெல்லம் தூக்கல், சுக்கு பேருக்கு.

வாசலில் செல்பி எடுக்க, முதல் படத்துக் கொலைகாரன் ஃபிரெடி க்ரூகரின் முகமூடி வைத்திருந்தார்கள். வெந்து சுருங்கின ரப்பர் முகம். வருகிற எல்லோரிடமும் நீட்டின பையன், என்னிடமும் நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்தான். பத்தொன்பது வயதில் வடைச் சட்டி சரிந்து, இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை எனக்கும் அதே டிசைன்தான். முகமூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "உள்ள வாங்க சார்" என்று முதல் வரிசையில் உட்கார வைத்தான். மற்றவர்களுக்கெல்லாம் அண்ணா, எனக்கு மட்டும் சார்.

முதல் படம் 1984-இல் வந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்'. அந்த ஃபிரெடி முகத்தைச் செய்த டேவிட் மில்லர், பீட்சா மேல் உருகின சீஸைப் பார்த்துத்தான் யோசனை பிடித்தாராம். சமையல்காரனாகச் சொல்கிறேன், சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

இடைவேளையில் ஒரு பெண் பேசினாள். இந்த மாதிரிப் படங்களில் கறுப்பினத்தவர் துணைப் பாத்திரமாக வந்து சீக்கிரம் செத்துப்போவார்கள் என்றாள். 1997-இல் 'ஸ்க்ரீம் 2', இந்த ரகப் படங்களில் கறுப்பர்களுக்கு இடமே இல்லை என்று ஒரு கறுப்புப் பெண்ணின் வாயால் குறை சொல்ல வைத்து, தொடக்கத்திலேயே அவளையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டதாம். அடுத்து போட்ட 'தி பிளாக்கனிங்' அதற்குப் பதில். நண்பர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள், அப்புறம் முதலில் யாரைக் கொல்வது? உங்களில் அதிகக் கறுப்பன் யார், அவனைக் கொடுங்கள் என்று கொலைகாரன் கேட்க, நான் இல்லை நீதான் என்று அவர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்து மாடியே சிரித்தது. நானும்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் கலரைப் பற்றிக் குசுகுசுத்தது ஞாபகம் வந்தது. அதற்காகவே 150 ரூபாய் தகும்.

ஆனால் சாகிறவர்களைப் பற்றியே பேசினார்களே தவிர, கொல்கிறவன் முகத்தைப் பற்றி ஒருத்தரும் பேச்செடுக்கவில்லை. ஹாக்கி முகமூடியைக் கழற்றினால் 'ஃப்ரைடே தி தேர்டீன்த்' படங்களின் கொலைகாரன் ஜேசனுக்கும் கோணல் முகம். நம் 'ராட்சசன்' (2018) மட்டும் என்ன, முகத்தில் வியாதிக் கோளாறு, அதைக் கேலி செய்தார்கள், ஆகவே கொலைகாரன். வில்லனுக்கு அடையாளமாக முகத் தழும்பு வைக்கும் படத்துக்குக் காசு தரமாட்டோம் என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அதே 2018-இல்தான் சொன்னது.

எழுந்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண், "அப்ப அடுத்த தடவைக்கு ஒரு படம் சொல்லுங்கண்ணா" என்றாள்.

'சிகப்பு ரோஜாக்கள்' என்றேன். 1978-இலேயே பாரதிராஜா கத்தியைக் கொடுத்தது யார் கையில்? கமல்ஹாசன். ஊரே பார்த்து மயங்கின முகம்.

"செல்பிக்கு அவர் முகமூடி கிடைக்காதேண்ணா" என்றான் வாசல் பையன்.

போகிறவர்கள் கொசுவத்தி எடுத்துப் போங்கள். இரண்டாவது படம் விட நேரமாகிறது, கடலூர்க்காரர்கள் பஸ்ஸைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.