பபுள் ஏர் பெட்: கொடுத்த காசுக்கு உழைக்கிறதா?

சர்ஜிக்கல் கடையில் "படுக்கையில் இருக்கிறவருக்கு ஏர் பெட்" என்று கேட்டால் முதலில் எடுத்துப்போடுவது இதைத்தான். ஒரு பிவிசி விரிப்பு, அதில் சுமார் 130 குமிழிகள், இரண்டு குழாய்கள், கால்மாட்டில் கொக்கி போட்டுத் தொங்கவிட ஒரு சின்ன பம்ப். ஒரு தொகுதிக் குமிழிகள் உப்பும்போது அடுத்த தொகுதி வாடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்தம் போகாமல் கிடப்பதால் வருவதுதான் படுக்கைப்புண். நசுங்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது இந்த பெட்டின் வேலை. அதைச் சரியாகவே செய்கிறது, போடுகிறவர் சரியாகப் போட்டால்.

பழைய மெத்தையை எடுக்க வேண்டாம். அதன் மேலேயே குமிழிகள் மேல்நோக்கி இருக்கும்படி விரித்து, இரு முனையிலும் உள்ள மடிப்பை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். பம்பில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டயலை முழுக்கத் திருப்பி அரை மணி நேரம் காற்று ஏறவிட்டு, ஆளைப் படுக்கவைத்த பிறகு எடைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். பல வீடுகளில் அந்த டயல் கடைசிவரை உச்சத்திலேயே நிற்கும். அப்புறம் அது பலகைதான்.

அளவு சரியா என்று பார்க்கக் கையே போதும். உள்ளங்கையை விரித்து, ஏர் பெட்டுக்கும் பழைய மெத்தைக்கும் நடுவே, நோயாளியின் வால் எலும்புக்கு நேராகச் செருகுங்கள். மேலே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை, அல்லது அந்த உடம்பை இந்த பெட் தாங்கவில்லை என்று அர்த்தம்.

மேலே ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு, தளர்வாக. மெக்கின்டாஷ் ரப்பர் ஷீட், மடித்த போர்வை, ஈரத்தை உறிஞ்ச விரிக்கும் அண்டர்பேட் இரண்டு என்று அடுக்கினால் குமிழி ஏறி இறங்குவது தோலுக்குத் தெரியவே தெரியாது.

இதன் பெரிய குறை வியர்வை. பிவிசி ஈரத்தை உறிஞ்சாது. நம் ஊர் வெயிலில், டயப்பரும் சேர்ந்தால், தொடை இடுக்கில் சிவந்து ஓரமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவும். அது படுக்கைப்புண் அல்ல, பூஞ்சைத் தொற்று. படுக்கைப்புண் எலும்புக்கு மேல், ஓரளவு தெளிவான விளிம்போடு வரும். இது மடிப்புகளில் வரும். பூஞ்சைக்கு வேண்டியது ஈரமில்லாத தோலும், மருத்துவரைக் கேட்டு க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பும். சிறுநீர் பட்டு வெந்துபோகாமல் காக்க ஸிங்க் ஆக்ஸைடு க்ரீமை மெல்லிசாகப் பூசினால் போதும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் வேண்டாம்.

ஏர் பெட் வந்துவிட்டது என்று திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்திவிடுவதுதான் பணத்தை வீணாக்கும் வழி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு, இடமும் வலமுமாக. சாப்பிடும் நேரம் தவிர தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் உடம்பு சறுக்கி, தோல் உள்ளுக்குள் இழுபட்டுக் கிழியும். குதிகாலை இந்த பெட் காப்பாற்றாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய கையுறை, நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையம் இரண்டையும் தூக்கிப்போடுங்கள். வளையத்தின் விளிம்பே சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கும்.

தினமும் தோலைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்பு முதல் எச்சரிக்கை. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சூடு, கல்போன்ற இறுக்கம், சுற்றியிருப்பதைவிடக் கருமை ஆகியவற்றைத் தேட வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது.

மின்சாரம் போனால் காற்று மெல்ல இறங்கிவிடும். பம்ப் இழுப்பது சில வாட் மட்டுமே என்பதால் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். ஊக்கு, ஊசி, யூரின் பேக் கொக்கி ஆகியவை பெட்டின் எதிரிகள். சின்ன ஓட்டையைக் கூடவே வரும் ஒட்டுத்துண்டால் அடைக்கலாம்.

தோல் இன்னும் உடையாத, ஒல்லியான அல்லது நடுத்தர உடம்புக்காரருக்கு இது தாராளமாகப் போதும். ஏற்கெனவே ஆழமான புண் இருந்தாலோ, கனத்த உடம்பானாலோ இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். குழாய் குழாயாக நான்கைந்து அங்குலம் உயரும் ட்யூபுலர் பெட் பல மடங்கு விலையானாலும் அதையே வாங்குங்கள். அதில் ஒரு குழாய் போனால் அதை மட்டும் மாற்ற முடியும். இதில் ஒட்ட முடியாதபடி கிழிந்தால் முழு விரிப்பும் போச்சு.