தராசா, கண்ணா, கையா: லாப்ரடோரின் நிறையில் எதை நம்புவது?

"அண்ணை, நாயை நிறுத்து விக்கப் போறீங்களோ?" என்றான் சீமெந்துக் கடைப் பெடியன். மூட்டை நிறுக்கும் தரைத் தராசில் எங்கள் புறூணோ நாக்கைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தான். வால் ஆட ஆட இலக்கமும் ஆடியது. 38.6, 37.9, 38.2. கடைசியில் 38 என்று முடிவு செய்துகொண்டு திருகோணமலைப் பக்கத்து உப்புவெளிக்குத் திரும்பினோம்.

வீட்டில் குளியலறைத் தராசு இல்லாமல் இல்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கலாம். நாய்க்குட்டிக்கு அது சரி. 38 கிலோவைத் தூக்கிக்கொண்டு, கால்களுக்கு இடையில் இருக்கும் இலக்கத்தைக் குனிந்து வாசிக்க முயன்ற அன்றே என் முதுகு அந்த முறையை நிராகரித்துவிட்டது.

இலக்கம் கிடைத்தது. அது கூடவா, சரியா? அமெரிக்க இனத் தரக்குறிப்பில் வளர்ந்த ஆண் லாப்ரடோருக்கு 29 முதல் 36 கிலோ, பெண்ணுக்கு 25 முதல் 32 கிலோ என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் புறூணோ இரண்டு கிலோதான் கூட, பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். அங்கேதான் பிழைவிட்டேன். அந்த அட்டவணையின் இரு முனைகளுக்கும் இடையில் ஏழு கிலோ இருக்கிறது. எலும்பு சிறுத்த நாய்க்கு 34 கொழுப்பு. எலும்பு பெருத்ததற்கு அதே 34 அளவானது. வேட்டைக்கு வளர்க்கப்பட்ட பரம்பரை ஒல்லியாக, கால் நீண்டு இருக்கும். கண்காட்சிப் பரம்பரை கட்டையாக, மார்பு அகன்று இருக்கும். நம் பக்கத்தில் லாப்ரடோர் என்று கைமாறும் குட்டிகளில் எத்தனை முழு இனம் என்பது தாய்க்கு மட்டும்தான் வெளிச்சம். கலப்பு நாய்க்கு இந்த அட்டவணையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரனின் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து என் கால் பிழை என்று சொல்வது மாதிரி. ஒரு வயது நிரம்பாத குட்டிக்கு அந்த அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்தது கண். மேலே நின்று பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மார்பைவிட மேலேறிப் போக வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் லாப்ரடோருக்கு இரட்டை மயிர்; உள்ளே பஞ்சு, வெளியே முரட்டு மயிர். மார்பும் பீப்பாய் மாதிரி. கறுப்பு நாயென்றால் நிழலே விழாது, மடிப்பு எங்கே இடுப்பு எங்கே என்று தெரியாது. கண்ணை நம்புவதென்றால் நாயை நனைத்துவிட்டுப் பாருங்கள். உப்புவெளிக் கடலில் இறங்கி ஏறியதும், அது உதறுவதற்கு முன்னான அந்த இரண்டு நொடியில் உண்மையான உருவம் தெரியும். புறூணோவை அப்படி மேலிருந்து பார்த்தபோது இடுப்பு என்று ஒன்றைக் காணவில்லை. தோளிலிருந்து வால் வரை ஒரே அகலம்.

கண்ணுக்கு இன்னொரு வியாதி உண்டு, பழக்கம். ஒழுங்கையில் திரியும் நாய்கள் விலா தெரிய நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் எங்கள் நாயைப் பார்ப்பவர்கள் எல்லாம் "நல்லா வளர்த்திருக்கிறீங்கள்" என்றார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். உருண்டு திரண்டால்தான் லாப்ரடோர் என்று ஆகிவிட்டது. ஊர் வாயை நான் ஒரு முறையாகவே சேர்க்கவில்லை.

கை வேறு ரகம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் தராசைத் தேடவில்லை. பின்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் நாயின் விலாவில் வைத்து, அழுத்தாமல், விரல் நுனிகளை முன்னும் பின்னும் ஓடவிட்டார். அப்புறம் என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பாயின் மேல் மெல்லிய சாரத்தை விரித்துத் தடவினால் கோரைக் கோடுகள் விரலில் தட்டுப்படுமே, விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டும். எனக்கு மெத்தைதான் தட்டுப்பட்டது. உள்ளே பாய் இருக்கிறது என்று நம்ப வேண்டியிருந்தது.

நாயை விடுங்கள், உங்கள் கையே அளவுகோல். கையை மடக்கி விரல் முட்டிகளின் மேல் தடவுங்கள்: விலா அப்படி உறுத்தினால் நாய் மெலிவு. கையை விரித்துப் புறங்கை எலும்புகளைத் தடவுங்கள்: அதுதான் அளவு. திருப்பி உள்ளங்கையைத் தடவுங்கள்: எலும்பைத் தேட வேண்டியிருக்கிறதா, அது கொழுப்பு. விலாவோடு நிறுத்தாமல் வாலடியையும் தொட்டுப் பாருங்கள். லாப்ரடோர் அங்கேயும் சேமிக்கும்.

வைத்தியர்கள் இந்தத் தொடுகையையும் பார்வையையும் சேர்த்து 1 முதல் 9 வரை புள்ளி போடுகிறார்கள். 4, 5 நல்லது. ஐந்துக்கு மேலே ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ பத்து வீதம் கூடுதல் நிறை. புறூணோவுக்கு 7. அதாவது இருபது வீதம் கூட, 38ஐ 1.2ஆல் வகுத்தால் 32க்குச் சற்றுக் குறைவு. அட்டவணையை நம்பி நான் இரண்டு கிலோ என்று நினைத்ததைக் கை ஆறு கிலோ என்றது. தீர்ப்புச் சொல்வதில் கைதான் தராசை வெல்கிறது. அது அந்த நாயின் எலும்பை வைத்தே அந்த நாயை அளக்கிறது.

ஆனால் கைக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. வளர்ப்பவரின் கை கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட அழுத்தும். பிள்ளையின் பரீட்சைத் தாளைத் தாயே திருத்தினால் என்ன நடக்கும்? எங்கள் வீட்டில் நான் 6 என்பேன், மனைவி 5 என்பாள், அன்றைக்கு யார் சோறு போட்டார்களோ அவர்களுடைய புள்ளிதான் குறைவாக இருக்கும். மெலியும் நாய்க்குக் கிழமைக்கு ஒன்று முதல் இரண்டு வீதம் குறைவதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். 38 கிலோவில் அது 380 முதல் 760 கிராம். அதை எந்தக் கையும் கண்டுபிடிக்காது. அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, காலைச் சாப்பாட்டுக்கு முன், அதே சீமெந்துக் கடை, அதே தராசு. இலக்கம் இரண்டு கிலோ பிழையாகக் காட்டினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் அதே பிழையைக் காட்டினால் போதும்.

தையல் நாடா, கழுத்துப் பட்டியின் துளை எல்லாம் முயன்று பார்த்தேன். வயிற்றைச் சுற்றிய நாடா, காலையில் ஓர் அளவு, சாப்பிட்ட பின் ஓர் அளவு. விட்டுவிட்டேன்.

நாயின் முகத்தை மட்டும் எதற்கும் சாட்சியாக எடுக்காதீர்கள். லாப்ரடோர்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியடங்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைவு என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். அந்த நாய்க்கு ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் இடையில் பசி கூட. புறூணோவுக்கு அது இருக்கிறதோ என்னவோ, சூடை மீன் பொரியும்போது குசினி வாசலில் அவன் உட்காரும் விதத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 48 லாப்ரடோர்களைச் சோடி சோடியாக வைத்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைவாகச் சாப்பாடு போட்டு, வாழ்நாள் முழுதும் பார்த்தார்கள். 2002இல் வந்த முடிவு: குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

ஒரு விஷயம் மட்டும் மேலே சொன்ன எதிலும் அடங்காது. சாப்பாட்டைக் குறைக்காமலே நிறை இறங்கினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். விலா தெரிந்து வயிறு மட்டும் ஊதினால் புழுவாக இருக்கலாம். கொஞ்சமாகத் தின்றும் பெருத்துக்கொண்டே போனால் தைரொயிட்டைப் பார்க்க வேண்டும். அப்போது தராசையும் கையையும் விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

ஐந்து மாதத்தில் 32.4க்கு வந்தோம். வாடைக்காற்றும் மழையும் தொடங்கிக் கடற்கரை நடை பாதியாகக் குறைந்த காலத்திலும் இலக்கம் ஏறவில்லை. விலாவில் சாரமும் பாயும் தட்டுப்பட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, நாய்க்கு என்ன வருத்தம்? இப்பிடி வத்திப்போச்சு. சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை சீமெந்துக் கடையில் 32.9 காட்டியது. கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, சாப்பாடும் கூடவில்லை. மறுநாள் விடிய விறாந்தையில் சத்தமில்லாமல் நின்று பார்த்தேன். மதிலுக்கு மேலால் ஒரு பாண் துண்டு வந்து விழுந்தது. அது நிலத்தில் படவில்லை.