ரத்த அழுத்த மரபணுவைத் தேட எந்த எலி: எஸ்எச்ஆரா, டால் எஸ்எஸ்ஸா?

அழுத்தம் குறைக்கும் மருந்தைச் சோதிப்பதுதான் வேலை என்றால் உயர் ரத்த அழுத்த ஆய்வுக்கான எஸ்எச்ஆர், டால் எஸ்எஸ் என்ற இரண்டு எலி வகைகளில் எதை எடுத்தாலும் ஓரளவு ஒப்பேறிவிடும். மரபணுவைத் தேடும்போது அப்படியில்லை. அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, எந்த எலியோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்பதுதான் அங்கே முக்கியம்.

எஸ்எச்ஆர் 1963-ல் கியோட்டோவில் ஒகாமோட்டோவும் அவோகியும் விஸ்டார் என்ற ஆய்வக எலிகளிலிருந்து உருவாக்கிய ஸ்ட்ரெயின், அதாவது தனி மரபு வழியாகப் பெருக்கிய எலி வகை. இதற்குக் கூடுதல் உப்பும் வேண்டாம், அறுவையும் வேண்டாம். ஐந்தாறு வார வயதில் அழுத்தம் ஏறத் தொடங்கி, வளர்ந்தபின் சிஸ்டாலிக் 180–200 வரை போய் நிற்கும். டால் எஸ்எஸ் வந்த வழி வேறு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால், ஸ்பிரேக்-டாவ்லி என்ற இன்னொரு ஆய்வக எலிகளுக்கு 8 சதவீத உப்புத் தீனி கொடுத்து, அழுத்தம் ஏறியவற்றைத் தனியாகவும் ஏறாதவற்றைத் தனியாகவும் பெருக்கினார். 1980களில் ஜான் ராப் அவற்றை முழு உட்கலப்பு ஸ்ட்ரெயின்களாக்கினார், அதாவது உறவுக்குள்ளேயே பெருக்கி எல்லா எலியும் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி செய்தார். அழுத்தம் ஏறும் வழிதான் டால் எஸ்எஸ்.

எஸ்எச்ஆரின் பலவீனம் அதன் ஜோடியான டபிள்யூகேஒய், அதாவது ஒப்பீட்டுக்கு வைக்கும் இயல்பான அழுத்தமுள்ள விஸ்டார்-கியோட்டோ எலி. உட்கலப்பு முழுமையாக முடியும் முன்பே அது பல இடங்களுக்கு அனுப்பப்பட்டது. அதனால் ஓரிடத்து டபிள்யூகேஒய்யும் இன்னோரிடத்து டபிள்யூகேஒய்யும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, எஸ்எச்ஆருக்கும் டபிள்யூகேஒய்க்கும் இடையே அழுத்தத்தோடு சம்பந்தமே இல்லாத மரபணு வேறுபாடுகள் ஏராளம். இரண்டின் சிறுநீரகத்தையும் பக்கத்தில் வைத்து, “இந்த மரபணு எஸ்எச்ஆரில் கூடுதலாக வெளிப்படுகிறது, ஆகவே இதுவே காரணம்” என்று எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டியதில்லை. இரண்டையும் கலந்து எஃப்2 தலைமுறையில் (பேரக்குட்டிகளில்) அந்த மாற்றமும் அழுத்தமும் சேர்ந்தே போகின்றனவா என்று பார்க்காதவரை அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம்.

சிடி36 என்ற மரபணுவின் கதை இதற்கு நல்ல பாடம். 1999-ல் எய்ட்மன் குழு, எஸ்எச்ஆரின் இன்சுலின் எதிர்ப்புக்கும் கொழுப்புக் கோளாறுக்கும் இந்த மரபணுவின் குறையே காரணம் என்றது. அதே ஆண்டில், ஜப்பானில் இருந்த மூல எஸ்எச்ஆரில் அந்தக் குறையே இல்லை என்று இன்னொரு குழு காட்டியது. அந்த மூல எலிக்கும் உயர் அழுத்தம் உண்டு! ஆக, சிடி36 மட்டுமே எஸ்எச்ஆரின் அழுத்தத்தை விளக்காது. ஆனால் பிராகில் பிராவெனெக் குழு விடவில்லை. குறையுள்ள எஸ்எச்ஆருக்குள் நல்ல சிடி36-ஐச் செருகியும், சிறுநீரகங்களை மாற்றிவைத்தும் பார்த்து, சிறுநீரகத்திலுள்ள சிடி36 அழுத்தத்தைப் பாதிக்கிறது என்று 2008-ல் நிறுவியது. ஸ்ட்ரெயின் பெயரில் ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் ஆய்வகக் குறியீட்டை விட்டுவிட்டு வெறும் ‘எஸ்எச்ஆர்’ என்று எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

டால் எஸ்எஸ்ஸில் ஒப்பீடு சுத்தமாக அமையும். மில்வாக்கியில் உருவான கன்சோமிக் எலிகளில் ஒரே ஒரு குரோமோசோம் மட்டும் பிரவுன் நார்வே எலியுடையது, மற்றதெல்லாம் எஸ்எஸ். 13-ஆம் குரோமோசோமை மாற்றியதும் உப்பால் ஏறும் அழுத்தம் வெகுவாகக் குறைந்ததை 2001-ல் கவ்லி குழு காட்டியது. அடுத்த படி, அந்தக் குரோமோசோமைத் துண்டு துண்டாகக் குறுக்கி, ஒரு சிறு துண்டு மட்டும் மாறியிருக்கும் கன்ஜெனிக் எலிகள். வழக்கமான முறையில் பத்துத் தலைமுறை பின்கலப்பு (குட்டிகளை மீண்டும் மீண்டும் எஸ்எஸ் எலியோடே கலப்பது) வேண்டும், அதாவது சுமார் மூன்று ஆண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் மார்க்கர் (டிஎன்ஏ எந்த எலியிலிருந்து வந்தது என்று காட்டும் அடையாளம்) பார்த்து, தேவையற்ற டிஎன்ஏ மிகக் குறைவாக உள்ள குட்டியைப் பொறுக்கினால் நாலைந்து தலைமுறை போதும். பிறகு மரபணுத் திருத்தம். அதே 13-ஆம் குரோமோசோமில் உள்ள பி67ஃபாக்ஸ் மரபணுவை எஸ்எஸ் எலியிலேயே செயலிழக்கச் செய்தபோது அழுத்தமும் சிறுநீரகச் சேதமும் குறைந்தன. ஒரே ஈற்றில் பிறந்த, திருத்தப்படாத உடன்பிறப்பே ஒப்பீட்டு எலி. இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. ஒன்று மட்டும்: ஒரு மரபணுவை அணைத்ததும் அழுத்தம் குறைந்தால் அது அழுத்தத்துக்குத் தேவை என்றுதான் அர்த்தம். இயற்கையில் அந்த ஸ்ட்ரெயினைக் கெடுத்த மாற்றம் அதில்தான் இருக்கிறது என்று ஆகாது.

டால் எஸ்எஸ்ஸின் தலைவலி தீனி. கேசீன் என்ற பால் புரதம் கலந்த சுத்திகரித்த தீனியில் 0.4 சதவீத உப்போடு வளர்த்து 4 சதவீதத்துக்கு மாற்றினால் ஒரு விடை வரும்; தானியத் தீனியில் அதே உப்பைக் கொடுத்தால் சேதம் குறைவாக வரும். தாய் எலி சினையிலும் பாலூட்டும்போதும் தின்றது கூடக் குட்டியின் அழுத்தத்தை மாற்றுகிறது. எனவே எலியை வெளியே வாங்கினால் அங்கே தாய்க்கு என்ன தீனி என்று கேட்டு எழுதி வையுங்கள். 8 சதவீத உப்பில் எலி தண்ணீரை ஏகமாகக் குடிக்கும், கூண்டுப் படுக்கை சொதசொதவென ஊறும். இரவில் பாட்டில் காலியானால் எலி தீனியையும் குறைத்துவிடும், உப்பு உள்ளே போகாது, மறுநாள் அளவு பொய்யாகும். மாசு இன்னொரு ஆபத்து: வெளியே விற்கப்பட்ட டால் எஸ்எஸ்ஸில் வேற்று மரபணு கலந்திருந்தது 1990களில் தெரியவந்தது. வந்த எலிகளில் சிலவற்றையாவது மார்க்கர் வைத்துச் சரிபார்க்காமல் தொடங்காதீர்கள்.

அளவெடுப்பில், வாலில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் முறை மலிவு, ஆனால் எலியைக் குழாயில் அடைத்து வாலைச் சூடாக்குவதே அழுத்தத்தை ஏற்றிவிடும். சில நாள் பழக்கினாலும் சிறு வித்தியாசம் பிடிபடாது. கன்ஜெனிக் எலிகளில் தேடுவது அந்தச் சிறு வித்தியாசத்தைத்தான். அங்கே, உடலுக்குள் வைத்த கருவி அழுத்தத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் டெலிமெட்ரியே கதி: பொருத்தியபின் ஒரு வாரமாவது ஆற விட்டு, பகல் இரவு இரண்டையும் பதிய வேண்டும்.

எந்த மரபணு என்ற ஊகமே இல்லாமல் தொடங்குகிறீர்கள் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு எட்டு ஸ்ட்ரெயின்களைக் கலந்து 1984-ல் தொடங்கிய எச்எஸ் எலிக்குப் போகலாம். காரண மரபணு இருக்கக்கூடிய குரோமோசோம் பகுதி எஃப்2-ல் நூற்றுக்கணக்கான மரபணுக்களோடு நிற்கும்; இங்கே அது வெகுவாகக் குறுகும். அதற்குக் கொடுக்கும் விலை எலிகளின் எண்ணிக்கை: நூறுகள் போதாது, ஆயிரங்களை நெருங்க வேண்டும். ஒவ்வொரு எலியும் தனித்துவமானது என்பதால் அதே மரபணுத் தொகுப்பில் மறுபடி அளக்கவும் முடியாது. அப்படி மீண்டும் மீண்டும் அளக்க வேண்டுமானால், எஸ்எச்ஆரையும் பிரவுன் நார்வே வழியையும் கலந்து பிராகில் உருவாக்கிய சுமார் முப்பது எச்எக்ஸ்பி/பிஎக்ஸ்எச் உட்கலப்பு ஸ்ட்ரெயின்கள் இருக்கின்றன. எஸ்எச்ஆரை மரபணு வேலைக்கு எடுப்பதானால் டபிள்யூகேஒய்யோடு சேர்த்து எடுப்பதைவிட இந்த உருவில் எடுப்பதே மேல்.