ஐபோன் போட்டோ திறக்கலையா? ‘கரப்ட்’ என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

மாயவரம், கும்பகோணம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனிங்க. ஐபோனில் எடுத்த போட்டோ வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் உடனே சர்வீஸ் கடைக்கு ஓடாதீர்கள். எங்கள் பெரியப்பா ஓடினார், 3,500 ரூபாய் போனது. பணம்கூடப் பரவாயில்லை, அந்தக் கடைக்காரர் செய்த மற்ற வேலையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

திருக்கடையூரில் தாத்தாவுக்கு சதாபிஷேகம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அத்தை மகன் தன் ஐபோனில் எடுத்த படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். பெரியப்பாவிடம் இருப்பது பழைய விண்டோஸ் 10. செருகிப் பார்த்தால் ஒரு படமும் திறக்கவில்லை, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ‘ஹெச்இஐசி’ என்று ஏதோ இருக்கிறது. கடையில் காட்டியிருக்கிறார். “வைரஸ் அடிச்சு ஃபைல் பூரா கரப்ட் ஆயிடுச்சு சார், ரெகவரி பண்ணணும், சிபியுவையும் கொண்டாந்துடுங்க” என்றார்களாம். பென் டிரைவில் இருக்கிற படத்துக்கு சிபியு எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது பாதிப் படங்கள் திறந்தன. மீதி செத்துப்போச்சு என்று கைவிரித்துவிட்டார்கள். கூடவே, கேட்காமலேயே ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போட்டிருந்தார்கள். அதில் பெரியப்பா ஸ்கேன் செய்து வைத்திருந்த நெல் கொள்முதல் ரசீதுகள், பட்டா சிட்டா, அடங்கல் நகல்கள் எல்லாம் போச்சு. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

நான் அந்த ‘செத்த’ படங்களைப் பார்த்தேன். ஜேபிஜி என்று பெயர் மாறியிருந்ததே தவிர, ஃபைல் சைஸ் அத்தை மகன் போனில் இருக்கும் அசலோடு ஒரு பைட் பிசகாமல் ஒத்துப்போனது. நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே, குப்பை எழுத்துகளுக்கு நடுவே, ‘ஹெச்இஐசி’ தெளிவாகத் தெரிகிறது. உண்மையான ஜேபிஜி என்றால் அந்த இடத்தில் பெரும்பாலும் ‘ஜேஎஃப்ஐஎஃப்’ அல்லது ‘எக்ஸிஃப்’ என்று இருக்கும். அதாவது பாதியை ஜேபிஜியாக மாற்றிவிட்டு, அலுத்துப்போய், மீதிக்கு வெறும் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்! பெயரைத் திரும்ப மாற்றி, ஹெச்இஐசி படிக்கத் தெரிந்த கம்ப்யூட்டரில் போட்டேன், எல்லாம் திறந்தது.

விஷயம் இவ்வளவுதான். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் படத்தை ஹெச்இஐசி வடிவில் சேமிக்கின்றன, ஜேபிஜியில் பாதி அளவு இடம் போதும் என்பதற்காக. அதைப் படிக்கிற ‘கோடெக்’ என்ற சின்ன மென்பொருள் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஹெயிஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இலவசம், அதைப் போடுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் ‘ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்’ வேண்டும், அதற்குச் சின்னத் தொகை கேட்கும். அதுவும் வேண்டாம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றினாலே படம் தெரியும். போன் வைத்திருப்பவரிடம் செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைக்கச் சொல்லுங்கள், இனி எடுப்பதெல்லாம் ஜேபிஜியாகவே வரும்.

நிஜமாகவே கெட்டுப்போகிற ஃபைலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சைஸ் பூஜ்யம் என்று காட்டினால் காப்பி ஆகும்போதே பென் டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள், போனிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கேமரா மெமரி கார்டே மக்கர் செய்தால் அதில் புதிதாக எதையும் எழுதாமல் ‘ஃபோட்டோரெக்’ என்ற ரெகவரி மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், அதுவும் இலவசம்தான்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “உங்க சிஸ்டம்ல ஓடலை, நாங்க ஓட வெச்சோம், அதுக்கு சார்ஜ்” என்கிறார். சரி, ஃபார்மட்டுக்கு யாரைக் கேட்டீர்கள் என்றால் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், ஆனால் பில் இல்லாததால் கையில் இருப்பது அந்த விசிட்டிங் கார்டு மட்டும்தான். பட்டா சிட்டாவை ஆன்லைனில் எடுத்துவிட்டோம், கொள்முதல் ரசீதுகளின் ஒரிஜினலைத் தேடிப் பெரியப்பா பரணைக் குடைந்துகொண்டிருக்கிறார்.