ஹாட்ஷாட் லோடு ஓட்ட எந்த வண்டி? கதவு ஸ்டிக்கரில் இருந்து தொடங்குவோம்

டெக்சஸ் எண்ணெய் வயலில் ஒரு ரிக் பழுதாகி நின்றுவிட்டால் மணிக்கு மணி நஷ்டம். மாற்று வால்வு பெரிய லாரியில் வந்து சேரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பாகத்தைப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு விரைந்தவர்களிடமிருந்து வளர்ந்ததுதான் ஹாட்ஷாட் தொழில். இன்று அதே பிக்கப்புக்குப் பின்னால் 30, 40 அடி ட்ரெய்லரை மாட்டி, டிராக்டர், சின்ன பொக்லைன், இரும்புக் குழாய் என்று அமெரிக்கா முழுக்க ஓட்டுகிறார்கள்.

இதில் இறங்க நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "ராம் பிக்கப் வாங்கலாமா, ஃபோர்டு வாங்கலாமா?" என்னைப் பொறுத்தவரை அது மூன்றாவது கேள்வி. சிடிஎல் என்கிற கனரக உரிமம் எடுக்கப் போகிறீர்களா, இல்லையா? இதுதான் முதல் கேள்வி.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டியும் சுமையும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று அதில் அச்சடித்திருப்பார்கள். ட்ரெய்லரிலும் அதே மாதிரி ஒரு தகடு உண்டு. இரண்டையும் கூட்டுங்கள். 26,000 பவுண்டுக்குள் அடங்கினால் சாதாரண உரிமம் போதும். ஒரு பவுண்டு கூடினாலும், ட்ரெய்லரின் வரம்பு 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், ஏ வகுப்பு சிடிஎல் வேண்டும். "காலி ட்ரெய்லர்தானே இழுத்துப் போகிறேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. உண்மையான எடை குறைவாக இருந்தாலும், அச்சடித்த எண்ணைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

11,500 பவுண்டு வரம்புள்ள பிக்கப், 14,000 பவுண்டு ட்ரெய்லர். கூட்டினால் 25,500. சிடிஎல் வேண்டாம். ட்ரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் சுமார் 9,000 பவுண்டு, அதாவது நான்கு டன் ஏற்றலாம். 14,000 பவுண்டு பிக்கப்போடு 25,900 பவுண்டு கூஸ்நெக் ட்ரெய்லரை (பிக்கப்பின் முதுகில், பின்சக்கரத்துக்கு மேலே மாட்டும் வகை) சேர்த்தால் 39,900. சிடிஎல் கட்டாயம், ஆனால் 16,000 பவுண்டு, ஏழு டன்னுக்கு மேல் ஏற்றலாம். சாலையும் அதே, தூரமும் அதே, இரவு தூக்கம் போவதும் அதே. டீசல் கொஞ்சம் கூடினாலும் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதோடு, சிடிஎல் இல்லாதவர்கள் எல்லோரும் அந்த நான்கு டன் லோடுகளுக்கே மோதுவதால் அங்கே வாடகை இறங்கிவிடுகிறது.

சிடிஎல் இல்லாத வழிக்கும் சில வசதிகள் உண்டு. மாநிலங்களுக்கிடையிலான எரிபொருள் வரிக் கணக்கு கிடையாது, சிடிஎல் ஓட்டுநர்களுக்கான கட்டாயப் போதைப்பொருள் சோதனை கிடையாது. ஆனால் கூட்டு வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிவிட்டாலே டாட் எண் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்), மருத்துவச் சான்று, நாளுக்கு 11 மணி நேர ஓட்டும் வரம்பு எல்லாம் வந்துவிடும். "சிடிஎல் இல்லையென்றால் விதியே இல்லை" என்று நம்பி இறங்கியவர்கள் எடை நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது பின்சக்கரம். ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரம் உள்ள டூயலியா? கூஸ்நெக் ட்ரெய்லர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு பிக்கப்பின் முதுகில் உட்காரும். 14,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,800 பவுண்டு. ஒற்றைச் சக்கர வண்டி சமாளிக்கும். 25,000 பவுண்டு என்றால் 5,000, டூயலிதான் வேண்டும். விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனைப் பார்த்து ஏமாற வேண்டாம். முதுகு தாங்குமா என்பதே கேள்வி.

"முதலில் டூயலி வாங்கி சிடிஎல் இல்லாமல் ஓட்டுவோம், அப்புறம் உரிமம் எடுத்துக்கொள்ளலாம்" என்று சிலர் திட்டமிடுவார்கள். டூயலியின் 14,000 போனால் ட்ரெய்லருக்கு 12,000தான் மிஞ்சும். ஏற்றும் சுமை இன்னும் குறையும். அந்த மாதங்களில் தவணை கட்டுவதே பெரும்பாடாகிவிடும்.

சரி, இப்போது ராமா ஃபோர்டா கேள்விக்கு வருவோம். ராம் 3500இல் கம்மின்ஸ் 6.7 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். ஃபோர்டு எஃப்-350இலும் எஃப்-450இலும் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். செவ்ரோலேயிலும் ஜிஎம்சியிலும் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ். மூன்றுமே இந்த வேலைக்குப் போதுமான பலம் உள்ளவை. பழைய வண்டி வாங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

சிபி4 என்கிற உயர் அழுத்த டீசல் பம்ப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உள்ளே தேய்ந்து உடைந்தால் இரும்புத் துகள் டீசலோடு கலந்து இன்ஜெக்டர் வரை போய்விடும். டீசல் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பாகத் தெரியும். அதற்குப் பிறகு பம்ப், இன்ஜெக்டர், குழாய் எல்லாமே மாற்ற வேண்டியதுதான். ஃபோர்டு 6.7இல் 2011 முதல் இந்தப் பம்ப்தான். டியூராமேக்ஸில் 2011 முதல் 2016 வரை இருந்தது. 2017இல் டென்சோ பம்ப்புக்கு மாறினார்கள். ராமில் 2019, 2020 வண்டிகளில் வந்தது; பின்னர் திரும்ப அழைத்து மாற்றினார்கள். 2013 முதல் 2019 வரையிலான ராம் வண்டிகளுக்கு, மென்பொருளை வைத்துப் புகைச் சோதனையை ஏமாற்றியதாக எழுந்த விவகாரமும் உண்டு. கம்மின்ஸ் அதற்காக 160 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. எந்த வண்டியாக இருந்தாலும், திரும்ப அழைப்பு வேலைகள் முடிந்தனவா என்று சேசிஸ் எண்ணை வைத்துப் பாருங்கள். புகை வடிகட்டியைப் பிடுங்கி எறிந்த வண்டி மலிவாகக் கிடைக்கும். அது சட்டவிரோதம், தொடவே வேண்டாம்.

என் தேர்வு 2017க்குப் பிந்தைய டியூராமேக்ஸ் டூயலி. 40 அடி ட்ரெய்லரோடு நெருக்கமான இடங்களில் திரும்ப வேண்டியவர்களுக்கு எஃப்-450 நல்லது. அதன் முன்சக்கரம் அதிகமாக வளையும், ஆனால் விலையும் அதிகம்.

ஆனால் வண்டிக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிடாதீர்கள். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றிச் செல்ல வாங்க வேண்டிய இயக்க அனுமதிக்கு 300 டாலர்தான். 10,001 பவுண்டும் அதற்கு மேலும் வரம்புள்ள வண்டிக்குச் சட்டம் கேட்பது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு. லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் கேட்பது 10 லட்சம், அதோடு சரக்குக்கு 1 லட்சம். புதியவருக்கு ஆண்டுப் பிரீமியம் 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அனுமதி கிடைத்து சில மாதம் ஆகாதவருக்குப் பல புரோக்கர்கள் லோடே தரமாட்டார்கள். தந்தாலும் பணம் கைக்கு வர 30 நாள் ஆகலாம். அதனால் வண்டி பேரம் பேசப் போவதற்கு முன்பே, மூன்று மாதத் தவணையையும் டீசல் செலவையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் என்ன வண்டி வருமோ அதைப் பாருங்கள்.